நடுவர்கள் மெச்சிய மௌனம்

பல்கலைக்கழக வாசலில் கார் நின்றதும் அரைடாக்டர் இறங்க மறுத்தான். உள்ளே போனால் பழைய பேராசிரியர் யாராவது எதிரே வந்து, "தீசிஸ் எப்பப்பா குடுக்கப் போற?" என்று கேட்டுவிடுவார் என்பது அவன் பயம்.

"நீ ஓடிப்போய் எத்தனையோ வருஷம் ஆச்சு. உன் மூஞ்சி யாருக்கு ஞாபகம் இருக்கும்?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"மூஞ்சி ஞாபகம் இருக்காது மேடம். கேள்வி மட்டும் ஞாபகம் இருக்கும். எதிர்ல யார் வந்தாலும் கேப்பாங்க."

இதே வளாகத்தில் முனைவர் பட்டத்துக்காக இளமையைத் தொலைத்து, பட்டத்தை வாங்காமல் பாதியில் கம்பி நீட்டியவன் அவன். இப்போது துப்பறியும் நிறுவனம் ஒன்றில் உதவியாளன். நிறுவனம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். காவல்துறையிலிருந்து ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டரம்மா, அவரைவிடச் சீக்கிரம் ஓய்வு கேட்கும் ஒரு கார், இவன், அவ்வளவுதான். அரைடாக்டர் என்ற பெயரை வைத்தவரும் அவரே. முழுசாக முடிக்காத மனிதனுக்கு முழுப்பெயர் எதற்கு என்பது அவர் கட்சி.

உள்ளே ஆய்வு மாணவர் வாரம் அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்தது. தூணுக்குத் தூண் பேனர். மன அழுத்தத்தை வெல்வது எப்படி என்று ஒரு பயிலரங்கம். அதை நடத்துவது, ஆய்வு மாணவர்களின் உதவித்தொகையை மாதக்கணக்கில் இழுத்தடித்து அந்த அழுத்தத்தைத் தயாரித்து அனுப்பும் அதே அலுவலகம். நேரத்தை நிர்வகிப்பது எப்படி என்று இன்னொன்று. பேச்சாளர் இன்னும் வந்து சேரவில்லை. ஆய்வில் நேர்மை என்று மூன்றாவது. அதை நடத்தவிருந்தவர் பல்கலைக்கழகத்தின் திறன் வளர்ச்சிப் பயிற்சியாளர். பேனரில் அவர் சிரித்த சிரிப்பில் பற்பசை விளம்பரமே தோற்றுவிடும்.

இவர்களை இங்கே அனுப்பி வைத்தவர் ஒரு மாமியார். கைக்குழந்தைப் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு காலையிலேயே துப்பறியும் நிறுவனத்துக்கு வந்துவிட்டார். மருமகள் இங்கே ஆய்வு மாணவி. பூமிக்கடியில் ஓடும் தண்ணீர்க் குழாயில் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பது அவள் ஆராய்ச்சி. உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது, வேலை முடியவில்லை. இன்னும் ஒரு வருஷம் தாக்குப்பிடித்தால் பட்டம். இல்லையென்றால் கிடைத்த வேலையில் உட்கார்ந்து, குழாயை மறந்துவிட வேண்டியதுதான்.

அந்த ஒரு வருஷத்துக்கு வழியாக வந்தது ஒரு பேச்சுப் போட்டி. ஆராய்ச்சியைச் சாதாரண மனிதருக்கும் புரிகிற மாதிரி சுருக்கமாக மேடையில் சொல்ல வேண்டும். ஜெயித்தவருக்கு ஒரு வருஷ உதவித்தொகை, ஒரு மொத்த வியாபாரியின் கொடை. முதல் சுற்றில் மருமகளுக்கு முன்னால் மேடையேறினான் அதே ஆய்வுக்கூடத்து மாணவன் ஒருவன். அவள் எழுதி, அவள் மனப்பாடம் செய்த பேச்சு வரிக்கு வரி அவன் வாயிலிருந்து வந்திருந்தது. வேறு பேச்சு கைவசம் இல்லாததால் அவளும் அதையே பேசினாள். முன்னால் பேசியவன் சொந்தக்காரன், பின்னால் பேசியவள் திருடி என்று போட்டிக் குழு முடிவு கட்டியது. போட்டியிலிருந்து நீக்கியதோடு விடவில்லை. ஆராய்ச்சியையே தொடரலாமா என்று விசாரணையும் வைத்திருந்தார்கள். இறுதிச்சுற்று இன்று பிற்பகல்.

மாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "என் மருமக திருடலைன்னு நிரூபிச்சாப் போதும்மா. யாரு எப்படி எடுத்தாங்கன்னு குடையறதெல்லாம் வேண்டாம். எனக்கு எதுக்கு ஊர் பொல்லாப்பு?"

திருட்டுக் கொடுத்தவர்கள் திருடனின் பரம்பரையையே தோண்டச் சொல்வார்கள். இந்த அம்மாவுக்குத்தான் எவ்வளவு பெருந்தன்மை என்று அரைடாக்டர் வியந்தான். இன்ஸ்பெக்டரம்மா வியக்கவில்லை. சரி என்று மட்டும் சொன்னார்.

டீனின் அறையில் குளிர்சாதனம் ஆய்வு மாணவர்களைவிடக் கடுமையாக உழைத்துக்கொண்டிருந்தது. டீன் நேர்மையைப் பற்றி நீளமாகப் பேசினார். குழு ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டதாகவும், வெளியாள் வந்து புதிதாகக் கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லை என்றும் சொன்னார். சான்றாக ஒன்றையும் எடுத்து வைத்தார். பேச்சில் ஒரு வீட்டுச் சம்பவம் வருகிறது. மாணவன் அதில் 'என் அம்மா' என்றான். மாணவி 'என் மாமியார்' என்றாள். காப்பியடித்தது தெரியாமலிருக்க அம்மாவை மாமியாராக மாற்றிவிட்டாளாம்.

"உலகத்துல மாமியாரைக் கடன் வாங்கின முதல் ஆள் அவங்கதான் சார். அவனவன் இருக்கறதையே தள்ளிவிடப் பாக்கறான்," என்றான் அரைடாக்டர்.

டீன் அதை ரசிக்கவில்லை. இருந்தாலும் முதல் சுற்றில் பதிவான வீடியோவைப் போட்டுக் காட்டினார்.

மாணவன் திரையில் வந்தான். அந்தப் புழுக்கத்திலும் கோட்டு. கழுத்துவரை பொத்தான். அவன் சொந்த ஆராய்ச்சி குழாய்க்கு அடிக்கும் பூச்சு எப்படிக் காய்கிறது என்பதைப் பற்றியது. அதைச் சொல்லியிருந்தால் நடுவர்களும் சேர்ந்து காய்ந்திருப்பார்கள். இருவரும் ஒரே ஆய்வுக்கூடம் என்பதால் அவன் கசிவைப் பற்றிப் பேசியது யாருக்கும் உறுத்தவில்லை.

"எங்க வீட்டுச் சுவர் சில்லுனு இருக்குன்னு அம்மா சொன்னாங்க," என்று கோட்டுக்காரன் குரலைத் தழுதழுக்க விட்டான். "உள்ள குழாய் ஒழுகுதுன்னாங்க. எல்லாரும் சுவர்ல காதை வெச்சுக் கேட்டோம். ஒரு சத்தமும் இல்லை."

இங்கே நிறுத்தினான். மெல்லப் பக்கவாட்டில் திரும்பினான். கையை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்தி, வெறும் காற்றை மெதுவாகத் தட்டினான். உதட்டைக் குவித்து, "ஷ்ஷ்ஷ்..." என்று நீளமாக இழுத்தான். பிறகு சபையைப் பார்த்துத் திரும்பி, எதுவும் நடக்காததுபோலப் பேச்சைத் தொடர்ந்தான்.

அவன் தட்டிய திசையில் மேடையோரம் ஒரு தீயணைப்பான் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

"அதுக்கு ஏன் மேடம் ஆறுதல் சொல்றான்? நெருப்பே வரலைன்னு அது ஏங்குதா?"

நடுவர்கள் அந்த இடத்தில் சொக்கிப்போயிருந்தார்கள். மௌனத்தைக் கையாண்ட விதம் மெய்சிலிர்க்க வைத்தது என்றார் ஒருவர். கசிவின் ஓசையை வாயாலேயே எழுப்பியது புதுமை என்றார் இன்னொருவர். நடுவர் குழுவுக்கு ஆலோசகராக உட்கார்ந்திருந்த பயிற்சியாளர், உடல்மொழிக்கு இதுவே இலக்கணம் என்று சான்றிதழே கொடுத்திருந்தார். மருமகளும் அதே வரிகளைத்தான் பேசியிருந்தாள். நிற்காமல், திரும்பாமல், தட்டாமல் பேசினாள். அவளுக்கு உணர்ச்சி போதவில்லையாம்.

ஆய்வுக்கூடத்தில் மருமகள் அழுது முடித்துவிட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மேசையில் ஒரு குழாய்த் துண்டு, அதன்மேல் ஒட்டிய ஓர் உலோக வில்லை, அதிலிருந்து கணினிக்கு ஓடும் கம்பி. இன்ஸ்பெக்டரம்மா அவளிடம் பேச்சைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குழாய் கசிந்தால் என்ன சத்தம் வரும் என்று மட்டும் கேட்டார்.

மருமகள் குழாயில் தண்ணீரைத் திறந்தாள். அடியில் ஊசிமுனையளவு ஓட்டையில் நீர் துளிர்த்தது. காதைக் கிட்டே வைத்துப் பார்க்கச் சொன்னாள். இன்ஸ்பெக்டரம்மா வைத்தார், அரைடாக்டரும் வைத்தான். ஒன்றும் கேட்கவில்லை. கணினித் திரையில் மட்டும் ஒரு கோடு துள்ளிக்கொண்டிருந்தது.

"காதுக்குக் கேக்கற கசிவை யாரு வேணாலும் கண்டுபிடிச்சிடலாம் மேடம். கேக்காததைக் கண்டுபிடிக்கறதுதான் என் வேலை. அத்தை சுவத்துல கையை வெச்சு சொன்னாங்க, யாரும் நம்பலை. அன்னிக்கு ஆரம்பிச்சதுதான் இது."

வெளியே வந்ததும் அரைடாக்டர், இதில் துப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டான். ஒரு சத்தமும் இல்லை என்று சொன்ன வாயாலேயே அடுத்த நொடி ஒருத்தன் சத்தம் போடுகிறான், அது நெருடவில்லையா என்று திருப்பிக் கேட்டார் இன்ஸ்பெக்டரம்மா. நெருடாமல் இருந்ததால்தானோ என்னவோ தனக்குப் பட்டம் கிடைக்கவில்லை என்றான் அவன்.

தாழ்வாரப் பெஞ்சில் மாமியார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் விரித்த துணியில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் மாமியார், எல்லாம் முடிந்துவிடுமா, சாயங்காலத்துக்குள் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்க ஆரம்பித்தார். அதற்குள் குழந்தை நெளிந்தது. முகம் கோணிற்று, அழுகை இன்னும் வெளியே வரவில்லை. மாமியார் பேச்சை நிறுத்திப் பக்கவாட்டில் திரும்பினார். கையைத் தாழ்த்திக் குழந்தையின் முதுகை மெல்லத் தட்டினார்.

"ஷ்ஷ்ஷ்..."

குழந்தை அடங்கியது. மாமியார் திரும்பி, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.

அரைடாக்டரின் வாய் திறந்தபடியே நின்றது. அவன் வாழ்க்கையில் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் அது திறந்திருந்தது அபூர்வம்.

இன்ஸ்பெக்டரம்மா அவனைத் தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். "ஈயடிச்சான் காப்பி, டாக்டரே. மூலத்துல ஈ செத்துக் கிடந்தா, காப்பியிலயும் ஒரு ஈயை அடிச்சு ஒட்டறது. ஈயைப் பாத்துட்டோம். அது எங்க செத்துதுன்னு பாக்கணும்."

மருமகளைக் கூப்பிட்டு விசாரித்ததில் அதுவும் தெரிந்தது. வீட்டில்தான் ஒத்திகை பார்த்தாளாம். கைக்கெட்டும் தூரத்தில் தொட்டில். எப்படிப் பேசுகிறோம் என்று பார்ப்பதற்காக ஒரே ஒரு தடவை வீடியோ எடுத்தாளாம். நடுவில் குழந்தை புரண்டதா என்று கேட்டதற்கு, அது புரளாத ஒத்திகை எது என்று சிரித்தாள். அவள் போனின் கேமரா உடைந்திருந்ததால் அத்தையின் போனில் எடுத்தது. பார்த்துவிட்டு அப்படியே மறந்துபோனாள். யாருக்கும் அனுப்பவில்லை, சத்தியம் செய்யத் தயார் என்றாள்.

இவ்வளவும் நடந்தபோது மாமியார் பேத்தியின் குல்லாயை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

பிற்பகலில் டீனின் அறை நிறைந்தது. டீன், கோட்டுக்காரன், பயிற்சியாளர், மருமகள், தூங்கும் பேத்தியைத் தோளில் போட்டபடி மாமியார். பேனரில் கண்ட அதே சிரிப்பைப் பயிற்சியாளர் முகத்திலும் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

இன்ஸ்பெக்டரம்மா கோட்டுக்காரனை முதலில் வாயாரப் புகழ்ந்தார். அந்த இடம் எவ்வளவு அற்புதம் என்றார். பிறகு, அந்த ஓசை எதைக் குறிக்கிறது என்று அப்பாவியாகக் கேட்டார்.

"கசிவு மேடம். குழாய்ல தண்ணி ஒழுகற சத்தம்."

"கை?"

அவன் பயிற்சியாளரைப் பார்த்தான். கையால் தட்டுவது பூமிக்கடியில் இருப்பதைக் காட்டுகிறது என்று பயிற்சியாளரே எடுத்துக் கொடுத்தார். மாணவன் பேச்சுக்கு ஆலோசகர் விளக்கம் சொல்வதை டீன் கவனித்தாரோ இல்லையோ, அரைடாக்டர் கவனித்தான்.

கேட்காத கசிவைப் பற்றிய ஆராய்ச்சியில் கேட்கிற சத்தம் எப்படி வரும் என்று மருமகள் நிதானமாகக் கேட்டாள். கோட்டுக்காரன் கழுத்துப் பொத்தானைத் தளர்த்தினான். இன்ஸ்பெக்டரம்மா முதல் சுற்று வீடியோவை மறுபடியும் ஓடவிட்டு, மருமகள் வீட்டில் எடுத்த ஒத்திகை வீடியோவில் தொட்டில் எங்கே இருந்தது, குழந்தை எப்போது புரண்டது, அவள் எப்படித் திரும்பித் தட்டினாள் என்று விளக்கினார். அதை யாருக்கும் அனுப்பவில்லை என்றாள் மருமகள். டீனும் பேரன் பேத்தி எடுத்தவர்தான் போலும். தீயணைப்பானுக்குத் தாலாட்டு நடப்பதைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது. உடல்மொழியின் இலக்கணத்துக்கு அவரும் கைதட்டியிருந்தார்.

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல உட்கார்ந்திருந்தான் கோட்டுக்காரன். ஆனால் பயிற்சியாளர் அசரவில்லை.

"கற்பனை பிரமாதம். அப்படி ஒரு வீடியோ இருந்தா அது அவங்க வீட்டுல, அவங்க போன்ல இருக்கு. யாருக்கும் அனுப்பலைன்னு அவங்களே சொல்றாங்க. அப்புறம் இந்தப் பையன் பூட்டை உடைச்சுட்டா போய்ப் பாத்தான்?"

டீன் தலையாட்டினார். மருமகள் முகம் இருண்டது. துப்பு முட்டுச்சந்தில் போய் நின்றுவிட்டதென்று அரைடாக்டர் நினைத்தான்.

இன்ஸ்பெக்டரம்மா பயிற்சியாளர் பக்கம் திரும்பவே இல்லை. தன்னைக் கூலிக்கு அமர்த்திய அம்மாளைப் பார்த்தார்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

மாமியார் தரையைப் பார்த்தார். தோளில் கிடந்த பேத்தியைக் காரணமில்லாமல் அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"நான்தான் அனுப்பினேன்," என்றார்.

ஆய்வு மாணவர்களின் குடும்பத்தாருக்கு இங்கே ஒரு தேநீர் விருந்து வைத்தார்களாம். அங்கே பயிற்சியாளர் தானாக வந்து பேசினாராம். உங்கள் மருமகளுக்குத் திறமை இருக்கிறது, மேடையில் நிற்கத் தெரியவில்லை, பேசுகிற வீடியோ இருந்தால் அனுப்புங்கள், திருத்திக் கொடுக்கிறேன், அவளுக்குச் சொல்ல வேண்டாம், பதறிப்போவாள் என்றாராம். அந்தப் பேச்சில் மாமியாரே வருகிறார். தன்னைப் பற்றி ஒருத்தி மேடையில் சொல்லப்போகிறாள் என்ற பூரிப்பில் அன்று இரவே அனுப்பிவிட்டார். கோட்டுக்காரன் பேசினான் என்று தெரிந்த நிமிஷமே யார் வேலை என்று புரிந்துவிட்டது.

"என் வாயால சொன்னா இவ மூஞ்சில முழிக்க முடியாதேன்னு இருந்துச்சு. துப்பறியறவங்க வேற ஏதாவது வழில கண்டுபிடிச்சா, என் பேர் வராம முடிஞ்சிடும்னு நெனச்சேன்."

"யார் எடுத்தாங்கன்னு தெரிய வேண்டாம்னு ஒருத்தர் சொன்னா, அவருக்கு ஏற்கெனவே தெரியும்னு அர்த்தம்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா, அரைடாக்டருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. காலையில் அந்த அம்மாவின் பெருந்தன்மையை வியந்தவன் தன் காதைச் சொறிந்துகொண்டான்.

மாமியார் போனை டீனின் மேசைமேல் வைத்தார். போட்டிக்கு முன்பே போய்ச் சேர்ந்த வீடியோவும், அதன் கீழே பயிற்சியாளர் போட்டிருந்த கும்பிடு பொம்மையும் அதில் இருந்தன. பேனர் சிரிப்பு அப்போதுதான் முதல்முறையாகக் கழன்றது.

மிச்சத்தைக் கோட்டுக்காரன் கொட்டினான். பயிற்சியாளரின் ஒப்பந்தம் முடியப்போகிறது. தன்னிடம் பயின்றவர் ஒருவராவது பரிசு வாங்கினால்தான் புதுப்பிப்பார்கள். இந்தப் பேச்சை எழுதியவர் போட்டியிலிருந்து விலகிவிட்டார் என்று சொல்லி, வீடியோவைக் காட்டாமல் வரியையும் அசைவையும் தானே நடித்துக் காட்டிச் சொல்லிக் கொடுத்தாராம். யார் எழுதியது என்று கேட்டாயா என்றதற்கு, கேட்கத் தோன்றவில்லை என்றான். மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்த மருமகள் அப்போது பேசினாள்.

"இவர் என்கிட்டயும் வந்தார் சார். இலவசமா சொல்லித் தரேன்னார். என்ன பேசப்போறேன்னு கேட்டுட்டு, மாமியார்னா எடுபடாது, அம்மான்னு மாத்துன்னார். என் அத்தையை எதுக்கு மாத்தணும்? முடியாதுன்னு சொல்லிட்டேன்."

மாமியார் இதைக் கேள்விப்படுவது இதுதான் முதல் தடவை. பேத்தியின் முதுகில் இருந்த அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

டீன் தொண்டையைச் செருமினார். நடந்தது திருட்டு என்று அவர் வாயிலிருந்து வரவில்லை, மன்னிப்பும் வரவில்லை. தகவல் பரிமாற்றத்தில் சிறு இடைவெளி ஏற்பட்டுவிட்டது என்றார். அந்த இடைவெளியின் காரணமாகக் கோட்டுக்காரன் நீக்கப்பட்டான், மருமகள் சேர்க்கப்பட்டாள், விசாரணை கைவிடப்பட்டது. ஆய்வில் நேர்மை என்ற பயிலரங்கம் தவிர்க்க முடியாத காரணங்களால் ஒத்திவைக்கப்படுவதாகக் கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி அறிவித்தது. அரைடாக்டர் நின்று அந்த அறிவிப்பை முழுசாகக் கேட்டான்.

இறுதிச்சுற்றில் மருமகள் கடைசியாகப் பேசினாள். நிற்காமல், திரும்பாமல், 'என் மாமியார்' என்று சொல்லியே பேசினாள். நடுவர் ஒருவர் இந்தத் தடவையும் உணர்ச்சி போதவில்லை என்றாராம். ஆனால் கொடை கொடுத்த மொத்த வியாபாரி முன்வரிசையில் இருந்தார். அதுவரை எல்லோர் பேச்சுக்கும் தூங்கியவர், இதற்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் கிடங்குச் சுவர் வருஷம் முழுக்க ஈரமாக இருக்கிறது, எந்தப் பிளம்பரும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான், வந்து பார்க்க முடியுமா என்று சபைநடுவே கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு நடுவர்களின் ரசனைக்கு வேலை இருக்கவில்லை. உதவித்தொகை அவளுக்கு என்று அறிவித்தார்கள்.

கூட்டம் கலைந்தபோது மாமியார் தாழ்வாரத்தின் கோடியில் தனியாக நின்றிருந்தார். டீனின் அறையை விட்டு வந்ததிலிருந்து மருமகள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அரைடாக்டர் சமாதானம் பேசப் போகிறேன் என்று கிளம்பினான். இன்ஸ்பெக்டரம்மா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

மருமகள் நேராகப் போய், மாமியார் தோளிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"இனிமே யாருக்காவது எதையாவது அனுப்பணும்னா, என்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க அத்தை."

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லிடுவியே."

"ஆமா. அதுக்குத்தான் கேக்கச் சொல்றேன்."